'நீ ஸ்டூடன்ட்டா, எம்ப்ளாயியா?' - பெரிய கம்பெனியில் ஓர் அப்ரன்டிஸ் இன்ஜினீயரின் 12 மாதங்கள்

காலை 5.20 மணி. சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப். டீக்கடை வெளிச்சத்தில் ஒரே கலர் சட்டை போட்ட ஐம்பது பேர் நின்றுகொண்டிருப்போம். எல்லோர் கழுத்திலும் ஐ.டி கார்டு. ஆனால் கயிறு மட்டும் வேற வேற. பர்மனென்ட் ஆட்களுக்கு நீலம், கான்ட்ராக்ட் ஆட்களுக்குப் பச்சை, எங்களுக்கு மஞ்சள். மஞ்சள் கயிறு என்றால் அப்ரன்டிஸ்.

முதல் நாள் பஸ்ஸில் பக்கத்து சீட் அண்ணன் என் கயிற்றைப் பார்த்துவிட்டுக் கேட்டார். "தம்பி, நீ ஸ்டூடன்ட்டா, எம்ப்ளாயியா?" எனக்கு பதில் தெரியவில்லை. பி.இ மெக்கானிக்கல் முடித்தாச்சு, அதனால் ஸ்டூடன்ட் இல்லை. மாசம் வங்கிக் கணக்கில் பணம் வரப்போகுது, ஆனால் அதற்குப் பெயர் சம்பளம் இல்லையாம். அப்போ நான் யாரு?

அந்தக் கேள்விக்கு பதில் தெரிய எனக்கு ஒரு வருஷம் ஆச்சு. ஒரகடம் பக்கம் ஒரு பெரிய வாகன உதிரிபாகக் கம்பெனியில் அந்த வருஷத்தைக் கழித்தேன். கம்பெனி பெயர் இங்கே வேண்டாம். இப்போ ஃபைனல் இயர் படிக்கிறவங்க, அரியர் முடித்துவிட்டு போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவங்க, 'அப்ரன்டிஸ்னா சும்மா ஒரு வருஷம் வேஸ்ட்டா ப்ரோ?' என்று கேட்கிறவங்க, எல்லோருக்கும் சேர்த்துத்தான் இது.

அப்ரன்டிஸ்னா யாரு?

இந்தியாவில் இதற்கென்று தனிச் சட்டமே இருக்கு. 1961-ம் ஆண்டு அப்ரன்டிஸ் சட்டம். ஆரம்பத்தில் ஐ.டி.ஐ மாதிரி தொழில் பழகும் இளைஞர்களுக்காக வந்தது. 1973-ல் திருத்தம் செய்து இன்ஜினீயரிங் பட்டதாரிகளையும் டிப்ளமோ முடித்தவர்களையும் உள்ளே கொண்டுவந்தார்கள். 2014 திருத்தத்துக்குப் பிறகு இன்ஜினீயரிங் அல்லாத டிகிரி முடித்தவர்களும் சேரலாம்.

அதனால் ஒரு கம்பெனிக்குள் மூன்று வகை அப்ரன்டிஸ்களைப் பார்க்கலாம். ஐ.டி.ஐ முடித்த ஃபிட்டர், டர்னர், எலெக்ட்ரீஷியன்கள் 'டிரேட் அப்ரன்டிஸ்'. டிப்ளமோ என்றால் 'டெக்னீஷியன் அப்ரன்டிஸ்'. டிகிரி என்றால் 'கிராஜுவேட் அப்ரன்டிஸ்'. கிராஜுவேட் அப்ரன்டிஸுக்குப் பயிற்சி பொதுவாக ஒரு வருஷம்.

நிறைய பேர் குழம்புகிற இடம் ஒன்று இருக்கு. இன்டர்ன் வேற, அப்ரன்டிஸ் வேற, ஜி.இ.டி வேற. இன்டர்ன்ஷிப் பெரும்பாலும் படிக்கும்போதே சில வாரங்களோ மாதங்களோ செய்வது. ஜி.இ.டி, அதாவது கிராஜுவேட் இன்ஜினீயர் டிரெய்னி, பெரும்பாலும் கம்பெனியின் ஊழியராகச் சேருகிறவர். டிரெய்னிங் முடிந்ததும் வேலையில் உறுதி செய்வார்கள். அப்ரன்டிஸ் என்பவர் சட்டப்படி 'பயிற்சி பெறுபவர்'. சட்டத்தின் 18-வது பிரிவு தெளிவாகவே சொல்லுது: அப்ரன்டிஸ் தொழிலாளி அல்ல. அதனால் பி.எஃப், போனஸ் எல்லாம் கிடையாது. பஸ் அண்ணன் கேள்விக்கான சட்டப்பூர்வ பதில் இதுதான். ஆனால் ஷாப் ஃப்ளோருக்குள் போனால் கதை அவ்வளவு சுலபமா இருக்காது. அதைப் பின்னால் சொல்றேன்.

கம்பெனிகள் எதற்காக எங்களை எடுக்கின்றன? முதல் காரணம், எடுத்தே ஆகணும். 30 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்கள், மொத்த ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவிகிதம் வரை அப்ரன்டிஸ்களைச் சேர்க்க வேண்டும் என்பது விதி. இரண்டாவது காரணம், செலவு குறைவு. இதை மறைத்துப் பேசிப் பிரயோஜனம் இல்லை. மூன்றாவது காரணமும் உண்டு. சில கம்பெனிகள் இந்த ஒரு வருஷத்தை நீளமான இன்டர்வியூவாகப் பார்க்கின்றன.

'சம்பளம் எவ்ளோப்பா?'

சேர்ந்த முதல் வாரத்திலேயே ஊரில் இருந்து அத்தை போன் பண்ணிட்டாங்க. "பெரிய கம்பெனியாமே, எவ்ளோ குடுக்குறான்?" நான் தொகையைச் சொன்னதும் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "சரிப்பா, போகப் போக ஏத்துவாங்க" என்று முடித்துக்கொண்டார்.

அதன் பெயர் ஸ்டைபெண்ட். தமிழில் உதவித்தொகை. 2019-ல் திருத்தப்பட்ட விதிகளின்படி குறைந்தபட்சம் டிகிரிக்கு மாதம் 9,000 ரூபாய், டிப்ளமோவுக்கு 8,000, ஐ.டி.ஐ சான்றிதழ் வைத்திருப்பவர்களுக்கு 7,000. இது குறைந்தபட்சம்தான். கம்பெனி விரும்பினால் எவ்வளவு வேண்டுமானாலும் கூடக் கொடுக்கலாம். பல பெரிய கம்பெனிகள் கொடுக்கவும் செய்கின்றன. 2025 மே மாதம் மத்திய அப்ரன்டிஸ்ஷிப் கவுன்சில் இந்தத் தொகையை 36 சதவிகிதம் உயர்த்தலாம் என்று பரிந்துரைத்தது. அதனால் நீங்க சேரும்போது எவ்வளவு என்பதை அரசு போர்ட்டலிலும் உங்கள் ஒப்பந்தத்திலும் பார்த்து உறுதி பண்ணிக்கோங்க.

எனக்கு வந்தது கிட்டத்தட்ட குறைந்தபட்சம்தான். கணக்கு இப்படிப் போச்சு. நாலு பேர் ஷேர் பண்ணிய ரூம், கரன்ட் பில்லோடு தலைக்கு 2,200. ஞாயிறு சாப்பாடு, ராத்திரி டிபன் எல்லாம் சேர்த்து 2,500. போன் ரீசார்ஜ், சோப்பு, சலூன் என 700. வீட்டுக்கு 2,000. மிச்சம் இருக்கும் ஆயிரத்துச் சொச்சத்தில்தான் தீபாவளி, கல்யாண மொய், ஊருக்கு பஸ் டிக்கெட் எல்லாம். மதியம் கம்பெனி கேன்டீனில் சாப்பாடு, போக வர கம்பெனி பஸ். இந்த ரெண்டும் இல்லையென்றால் கணக்கு உதைக்கும்.

அதனால் ஆஃபர் வந்தால் ஸ்டைபெண்டை மட்டும் பார்க்காதீங்க. கேன்டீன் உண்டா, பஸ் உண்டா, தங்குமிடம் உண்டா என்று மூன்றையும் கேளுங்க. 12,000 கொடுத்து எதுவும் தராத கம்பெனியைவிட, 9,000 கொடுத்து மூன்றும் தருகிற கம்பெனியில் கையில் அதிகம் நிற்கும்.

முதல் மாசம்: ஷூ முதல் 5எஸ் வரை

முதல் நாலு நாள் கிளாஸ் ரூம். எல்லாம் சேஃப்டி. காலேஜில் லேப் கோட் போட்டு 'விவா' சொன்ன பழக்கத்தில் நாங்கள் இதை ஜாலியாக எடுத்துக்கொண்டோம். சேஃப்டி ஆபீஸர் ஒரு கேள்வி கேட்டார். "சுத்துற டிரில்லிங் மெஷின்ல வேலை பார்க்கிறப்போ கையில கிளவுஸ் போடணுமா, வேணாமா?" நாங்கள் எல்லோரும் கோரஸாக "போடணும் சார்" என்றோம். அவர் தலையை ஆட்டினார். சுற்றும் மெஷினில் கிளவுஸ் நுனி மாட்டினால், கையையும் சேர்த்து இழுத்துவிடும். அங்கே கிளவுஸ் போடக் கூடாது. கூர்மையான தகடைத் தூக்கும்போது கண்டிப்பாகப் போடணும். எந்த இடத்தில் எது பாதுகாப்பு என்பது இடத்துக்கு இடம் மாறும். நாலு வருஷப் படிப்பில் இதை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அப்புறம் 'லாக் அவுட், டேக் அவுட்'. மெஷினைப் பழுது பார்க்க உள்ளே கை விடுகிறவர், மெயின் சுவிட்சை அணைத்துத் தன் சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் பாக்கெட்டில் வைத்துக்கொள்வார். அவர் வெளியே வந்து பூட்டைத் திறக்கும்வரை யாராலும் மெஷினை ஆன் பண்ண முடியாது. எளிமையான விஷயம். பல உயிர்களைக் காப்பாற்றுகிற விஷயம்.

ஐந்தாம் நாள் ஷாப் ஃப்ளோர். எண்ணெய் வாசனை, ஃபோர்க்லிஃப்ட் ஹாரன், கூலன்ட் தெறிக்கும் சத்தம். எனக்குக் கொடுத்த முதல் வேலை என்ன தெரியுமா? ஒரு டூல் கப்போர்டை ஒழுங்குபடுத்துவது. பி.இ படித்துவிட்டு அலமாரி அடுக்குவதா என்று எரிச்சலாக வந்தது. அதற்குப் பெயர் 5எஸ். செய்ரி, செய்டன், செய்சோ, செய்கெட்சு, ஷிட்சுகே என்று ஐந்து ஜப்பானியச் சொற்கள். வேண்டாததை எடு, வேண்டியதற்கு இடம் குறி, சுத்தம் செய், அதையே விதியாக்கு, விடாமல் கடைப்பிடி. ஒவ்வொரு ஸ்பேனருக்கும் அதன் உருவத்தை வரைந்து இடம் வைத்த பிறகு, ஷிஃப்ட் முடிவில் எது காணாமல் போயிருக்கு என்று ஒரே பார்வையில் தெரிந்தது. காணாமல் போன ஸ்பேனர் மெஷினுக்குள் கிடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்க. அன்றோடு எரிச்சல் போச்சு.

உண்மையான புரொஃபசர்கள்

என்னை முதலில் விட்டது கிரைண்டிங் செக்‌ஷனில். அங்கே இருந்த ஆபரேட்டர் அண்ணன் ஐ.டி.ஐ மெஷினிஸ்ட். பதினாறு வருஷ அனுபவம். என்னை முதல் வாரம் முழுக்க "சார்" என்றுதான் கூப்பிட்டார். எனக்குக் கூச்சமாக இருந்தது. "அண்ணே, தம்பின்னே கூப்பிடுங்க" என்றேன். "அப்போ நாளைலருந்து வேலை சொல்லித் தர்றேன். சாரா இருந்தா எனக்கு சொல்லித் தர முடியாது" என்றார்.

இது எல்லா இன்ஜினீயரிங் அப்ரன்டிஸும் சந்திக்கும் இடம். உங்களிடம் டிகிரி இருக்கு, அவரிடம் தொழில் இருக்கு. 'நான் இன்ஜினீயர்' என்ற முகத்தோடு போனால் அவர் மரியாதையாக ஒதுங்கிவிடுவார், நமக்கு எதுவும் கிடைக்காது. அவர் மெஷின் சத்தம் மாறுவதை வைத்தே கிரைண்டிங் வீல் மழுங்கிவிட்டது என்று சொல்லிவிடுவார். நான் நெம்பர்களைப் பார்த்து அதைக் கண்டுபிடிப்பதற்குள் பத்து பீஸ் போயிருக்கும்.

அப்துல் கலாம் சென்னை எம்.ஐ.டி-யில் படித்து முடித்ததும் பெங்களூரு ஹெச்.ஏ.எல்-லில் பயிற்சியாளராகத்தான் சேர்ந்தார். விமான இன்ஜின்களைக் கழற்றிப் பழுதுபார்க்கும் குழுவில் வேலை பார்த்தார். ராக்கெட் எல்லாம் அதற்கு அப்புறம்தான். கையில் கிரீஸ் படும் வேலையை யாரும் தாண்டிக் குதித்துப் போவதில்லை.

38 பீஸ்

நாலாவது மாசம் நடந்ததைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது.

ஒரு ஷாஃப்ட். விட்டம் 20 மில்லிமீட்டர். டிராயிங்கில் கொடுத்திருக்கும் டாலரன்ஸ், கூடவோ குறையவோ 0.02 மில்லிமீட்டர். ஒரு தலைமுடியின் தடிமன் சுமார் 0.07 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை இந்த 0.02. என் வேலை, குறிப்பிட்ட இடைவெளியில் ஒரு பீஸை எடுத்து மைக்ரோமீட்டரில் அளந்து ஷீட்டில் எழுதுவது.

அன்று ஷிஃப்ட் தொடங்கியதும் மூன்று பீஸ் அளந்தேன். மூன்றும் 20.03. அண்ணனிடம் ஓடினேன். "அண்ணே, சைஸ் ஏறியிருக்கு, முப்பது மைக்ரான்." அவர் வேறொரு மெஷின் அலாரத்தில் மாட்டியிருந்தார். நான் சொன்னதை நம்பி ஆஃப்செட்டை மாற்றினார். அடுத்த பீஸ் அளந்தேன். சரியாக 20.00. சந்தோஷமாக எழுதினேன். அடுத்தது, அதற்கடுத்தது, எல்லாமே ஓகே.

இரண்டு மணி நேரம் கழித்து இன்ஸ்பெக்‌ஷன் அண்ணன் ரவுண்ட்ஸ் வந்தார். அவருடைய மைக்ரோமீட்டரில் அதே பீஸ் 19.97 காட்டியது. அவர் என்னுடையதை வாங்கி, முனைகள் இரண்டையும் ஒட்டிவைத்துப் பார்த்தார். பூஜ்ஜியம் காட்ட வேண்டிய இடத்தில் 0.03 காட்டியது. முந்தின ஷிஃப்ட்டில் யாரோ கீழே போட்டிருக்கிறார்கள். நான் ஜீரோ செக் பண்ணாமலே அளந்துவிட்டேன். அதாவது, ஆரம்பத்தில் வந்த பீஸ் எல்லாம் சரியானவை. நான் சொல்லி மாற்றிய பிறகு வந்தவை எல்லாம் சின்னதாகிவிட்டன.

கிரைண்டிங்கில் சைஸ் பெரிதாக இருந்தால் மறுபடி தேய்த்துக் காப்பாற்றலாம். சின்னதாகிவிட்டால் தேய்த்த இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாது. எல்லாவற்றையும் மறுபடி அளந்தோம். 38 பீஸ். நேராக சிவப்புத் தொட்டிக்கு.

எனக்குக் கை நடுங்கியது. காசு எவ்வளவு போச்சு என்பதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. ஷீட்டில் கையெழுத்து ஆபரேட்டர் அண்ணனுடையது. அப்ரன்டிஸ் தொழிலாளி இல்லையே, அதனால் பொறுப்பு அவர் தலையில். அவருக்கு மெமோ வரும். சூப்பர்வைசர் வந்தபோது அண்ணன் முந்திக்கொண்டார். "நான்தான் சார், செக் பண்ணாம ஆஃப்செட் குடுத்துட்டேன்."

அந்த அரை நிமிஷம் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். யாரும் கேட்கப் போவதில்லை. மூடிக்கொண்டு இருக்கணும் என்றுதான் முதலில் தோன்றியது. அப்ரன்டிஸ்ஷிப்பையே நிறுத்திவிட்டால் வீட்டுக்கு என்ன சொல்வது? ஆனால் பதினாறு வருஷம் உழைத்த ஆள் என் தப்புக்காகத் தலை குனிந்து நிற்கிறார். "சார், மைக்ரோமீட்டர் ஜீரோ நான் பார்க்கலை. சைஸ் ஏறியிருக்குன்னு நான்தான் சொன்னேன்" என்று சொல்லிவிட்டேன்.

சூப்பர்வைசர் என்னைத் திட்டினார். நல்லாவே திட்டினார். அப்புறம், "நாளைக்குக் காலையில ஒய்-ஒய் அனாலிசிஸ் போட்டுட்டு வா" என்றார். டொயோட்டாவில் இருந்து உலகம் முழுக்கப் பரவிய முறை அது. 'ஏன்?' என்று அடுத்தடுத்து ஐந்து முறை கேட்டு வேர் வரைக்கும் போவது. ஏன் பீஸ் சின்னதாச்சு? ஆஃப்செட் தப்பு. ஏன்? அளவு தப்பு. ஏன்? கருவியில் ஜீரோ தப்பு. ஏன் தெரியலை? ஷிஃப்ட் தொடக்கத்தில் யாரும் பார்க்கலை. ஏன் பார்க்கலை? பார்க்கணும் என்று செக்லிஸ்ட்டில் எங்கேயும் எழுதலை.

கடைசி பதிலில் என் பெயரும் இல்லை, அண்ணன் பெயரும் இல்லை. மறுவாரமே மெஷின் பக்கத்தில் ஒரு மாஸ்டர் பின் வந்தது. அளவு உறுதியாகத் தெரிந்த அந்தப் பின்னை ஷிஃப்ட் தொடங்கும்போது அளந்து, எழுதி, கையெழுத்துப் போட்ட பிறகுதான் வேலை. அண்ணனுக்கு மெமோ வரவில்லை. அன்று மதியம் கேன்டீனில் தன் தட்டில் இருந்த முட்டையை எடுத்து என் தட்டில் வைத்தார். அதைப் பற்றி அவர் அப்புறம் பேசவே இல்லை.

கத்துக்கிறோமா, ஆள் கணக்கா?

எல்லாமே இப்படி நல்லபடியாகப் போகாது. ஆறாவது மாசம் ஆர்டர் அதிகமானது, ஆள் வரத்து குறைந்தது. எங்களில் நாலு பேரை பேக்கிங்கில் நிறுத்தினார்கள். மூன்று வாரம். அட்டைப் பெட்டியை மடி, ஷாஃப்ட்டை வை, டேப் ஒட்டு. முதல் இரண்டு நாள் பேக்கிங்கிலும் கற்க விஷயம் இருந்தது. அப்புறம் ஒன்றும் இல்லை. இன்னொருத்தர் செய்ய வேண்டிய வேலையைக் குறைந்த காசுக்கு நாங்கள் செய்தோம், அவ்வளவுதான்.

இந்த நிலைமை வந்தால் என்ன செய்யலாம்? சட்டம் என்ன சொல்லுது என்று முதலில் தெரிஞ்சுக்கோங்க.

* அப்ரன்டிஸ் ஓவர்டைம் பார்க்கக் கூடாது. அப்ரன்டிஸ்ஷிப் அட்வைசர் என்ற அரசு அதிகாரியின் அனுமதி இருந்தால் மட்டுமே முடியும். அதுவும் பயிற்சிக்கோ பொதுநலனுக்கோ தேவை என்று அவர் நினைத்தால்தான் அனுமதி.

* தொழிலாளி இல்லை என்றாலும் பாதுகாப்பில் குறை வைக்க முடியாது. சுகாதாரம், பாதுகாப்பு, நலன் தொடர்பான சட்ட விதிகள் தொழிற்சாலையில் பயிற்சி பெறும் அப்ரன்டிஸுக்கும் பொருந்தும்.

* பயிற்சியின்போது விபத்தில் காயம்பட்டால் இழப்பீடு தரும் பொறுப்பு கம்பெனிக்கு உண்டு.

* ஒப்பந்தம் தொடர்பாகத் தகராறு வந்தால் அப்ரன்டிஸ்ஷிப் அட்வைசரிடம் கொண்டுபோகலாம். டிகிரி, டிப்ளமோ அப்ரன்டிஸ்களுக்கான தென்மண்டலப் பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இருக்கு.

சண்டை போடுவதற்கு முன்னால் நாங்கள் செய்த காரியம் ஒன்று உதவியது. எங்கள் பேட்ச்சில் இருந்த ஒரு பெண், சேர்ந்த நாளில் இருந்தே தினமும் என்ன செய்தோம், என்ன கற்றோம் என்று டைரி எழுதிவந்தாள். மூன்று வாரமாக 'பேக்கிங்' என்ற ஒரே வார்த்தைதான். அந்தப் பக்கங்களை டிரெய்னிங் ஆபீஸரிடம் காட்டினோம். "சார், எங்க டிரெய்னிங் பிளான்ல இந்த மாசம் டூல் ரூம்னு இருக்கு" என்று மட்டும் சொன்னோம். குரலை உயர்த்தவில்லை. இரண்டு நாளில் எங்களை டூல் ரூமுக்கு மாற்றினார்கள். ஆனால் எங்கள் இடத்துக்கு டிப்ளமோ பசங்க நாலு பேரை நிறுத்தினார்கள். அது எனக்கு இன்றும் உறுத்துது. டைரி எழுதச் சொல்லி அவர்களுக்கும் சொன்னோம். எங்களால் முடிந்தது அதுதான்.

வருஷம் முடிஞ்சதும் வேலை உண்டா?

இதுதான் எல்லோரும் கேட்கிற கேள்வி. நேரான பதில்: கட்டாயம் இல்லை. அப்ரன்டிஸ் முடித்தவருக்கு வேலை கொடுத்தே ஆகணும் என்று சட்டம் கம்பெனியைக் கட்டாயப்படுத்தவில்லை. அப்ரன்டிஸ் முடித்தவர்களை வேலைக்கு எடுப்பதற்கு ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு கொள்கை வகுக்கணும் என்று மட்டும் சொல்லுது. சேரும்போதே அந்தக் கொள்கை என்ன என்று ஹெச்.ஆரிடம் கேளுங்க.

அரசு சார்ந்த நிறுவனங்களுக்கு 1995-ல் உச்ச நீதிமன்றம் உத்தரப்பிரதேச போக்குவரத்துக் கழக வழக்கில் ஒரு வழி காட்டியது. மற்ற தகுதிகள் சமமாக இருந்தால், நேரடியாக வருபவரைவிட அங்கே அப்ரன்டிஸ் முடித்தவருக்கு முன்னுரிமை தரணும் என்றது. ரயில்வேயில் லெவல்-1 பணியிடங்களில் 20 சதவிகிதம், ரயில்வே நிறுவனங்களில் டிரேட் அப்ரன்டிஸ் முடித்தவர்களுக்கு ஒதுக்கப்படுது. ஆனாலும் தேர்வு எழுதித்தான் ஆகணும்.

பயிற்சி முடிந்ததும் கையில் கிடைப்பது அரசு தரும் திறன் சான்றிதழ். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் அதை அனுபவமாகப் பதிவு செய்யலாம்.

எங்கள் பேட்ச்சில் முப்பது பேர். எழுத்துத் தேர்வு, இன்டர்வியூ எல்லாம் முடிந்து கம்பெனி எடுத்தது ஐந்து பேரை. டைரி எழுதிய பெண் அதில் ஒருத்தி. நான் இல்லை. கடைசி நாள் மஞ்சள் கயிற்றைக் கழற்றி கேட்டில் கொடுக்கும்போது தொண்டை அடைத்தது. அம்மாவுக்கு போன் பண்ணினேன். "எடுக்கலைம்மா" என்றேன். "சரி, சாப்டியா?" என்று கேட்டாங்க. அதுக்கு மேல ரெண்டு பேரும் எதுவும் பேசலை.

சேருவதற்கு முன் இதையெல்லாம் பாருங்க

1. டிகிரி, டிப்ளமோ என்றால் 'நாட்ஸ்' போர்ட்டல், ஐ.டி.ஐ என்றால் அப்ரன்டிஸ்ஷிப் இந்தியா போர்ட்டல். இரண்டிலும் பதிவு இலவசம். 'சீட் வாங்கித் தர்றேன், டெபாசிட் கட்டு' என்று யாராவது சொன்னால் அவர் நம்பரை பிளாக் பண்ணிடுங்க.

2. ஒப்பந்தம் போர்ட்டலில் பதிவாகியிருக்கா என்று பாருங்க. பதிவாகவில்லை என்றால் சான்றிதழ் கிடைக்காது. சில இடங்களில் 'அப்ரன்டிஸ்' என்று பெயர் மட்டும் வைத்திருப்பார்கள்.

3. ஒப்பந்தத்தை முழுசாகப் படிங்க. ஒப்பந்தத்தை மீறிப் பாதியில் விட்டால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கேட்க சட்டத்தில் இடம் இருக்கு. போகணும் என்றால் எழுதிக் கொடுத்து முறையாக வெளியே வாங்க.

4. டிரெய்னிங் பிளானைக் கேட்டு வாங்குங்க. எந்த மாசம் எந்த டிபார்ட்மென்ட் என்று அதில் இருக்கும்.

5. முதல் நாளில் இருந்து டைரி எழுதுங்க. தினமும் நாலு வரி போதும். பின்னாடி ரெஸ்யூமே எழுதும்போது இதன் அருமை தெரியும்.

6. ஒரு முறை அப்ரன்டிஸ் முடித்தவர்களையும், ஒரு வருஷத்துக்கு மேல் வேலை அனுபவம் உள்ளவர்களையும் பல அறிவிப்புகளில் எடுப்பதில்லை. அதனால் இந்த வாய்ப்பை எங்கே பயன்படுத்தப் போறீங்க என்று யோசித்து முடிவெடுங்க.

7. பெண்களுக்கு: ஷிஃப்ட் நேரம், இரவில் ரூம் வாசல் வரை வண்டி வருமா, உள்புகார் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று முதல் வாரத்திலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்க. கேட்பதில் எந்தத் தப்பும் இல்லை.

அப்போ, வேஸ்ட்டா?

கம்பெனி எடுக்காமல் விட்ட பிறகு ரெண்டு மாசம் வீட்டில் இருந்தேன். அப்புறம் ஓசூரில் ஒரு சின்ன கம்பெனியில் குவாலிட்டி இன்ஜினீயர் இன்டர்வியூ. எதிரில் உட்கார்ந்திருந்தவர் என் மார்க்கைப் பார்க்கவே இல்லை. "ஒரு வருஷம் அங்க என்ன பண்ணினே?" என்று கேட்டார். 38 பீஸ் கதையைச் சொன்னேன். ஜீரோ செக் பண்ணாதது, ஆஃப்செட், அண்ணன் முந்திக்கொண்டது, மாஸ்டர் பின், எல்லாம். அவர் மேஜை டிராயரைத் திறந்து ஒரு மைக்ரோமீட்டரை எடுத்து என் முன்னால் வைத்தார். "இந்தப் பேனாவோட விட்டம் எவ்ளோன்னு சொல்லு."

நான் முதலில் முனைகளைத் துணியால் துடைத்து, ஒட்டிவைத்து, ஜீரோ பார்த்தேன். அளவு சொல்வதற்குள், "எப்போ ஜாயின் பண்றே?" என்று கேட்டுவிட்டார்.

எல்லோருக்கும் இப்படி நடக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். எங்கள் முப்பது பேரில் சிலர் ஐ.டி பக்கம் போய்விட்டார்கள், ஒருத்தன் ஊரில் மொபைல் கடை வைத்திருக்கிறான், இரண்டு பேர் இன்னும் அரசுத் தேர்வுக்குப் படிக்கிறார்கள். ஆனால் நல்ல இடம் அமைந்தால் கற்க அங்கே நிறைய இருக்கு. கேட்டு வாங்கணும், எழுதி வைக்கணும். இடம் சரியில்லை என்றால் சட்டம் உங்கள் பக்கம் எவ்வளவு தூரம் நிற்கிறது என்று தெரிந்திருக்கணும்.

போன மாசம் எங்கள் கம்பெனியில் புதுசாக ஒரு பையன் அப்ரன்டிஸாகச் சேர்ந்தான். ரெண்டு நாளாக என்னை "சார், சார்" என்றுதான் கூப்பிடுகிறான். நேற்று அவனிடம் சொல்லிவிட்டேன்: "அண்ணான்னு கூப்பிடு. அப்போதான் சொல்லித் தர முடியும்."